கண்ணாடிப் பெட்டியில் ரெண்டு வடை: ஏரித் தண்ணீரில் பாக்டீரியா சாப்பிடும் கதை

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போறது ஏரித் தண்ணியில கரைஞ்சு கிடக்கிற சாப்பாட்டைப் பத்தி. அதை யார் சாப்பிடுறாங்க, வாயே இல்லாம எப்படிச் சாப்பிடுறாங்க, அதனால நமக்கு என்ன ஆகுது, இதுதான் விஷயம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்.

நான் கம்மாபுரத்துக்காரன். எனக்குப் பத்து, பதினொரு வயசு இருக்கும்போது, எங்க ஊர்ப் பக்கத்து ஏரி ஒண்ணுல மீன் குத்தகை விட்டிருந்தாங்க. கோடை முடியுற நேரம், தண்ணி பாதிக்கும் கீழே. ஒருநாள் ராத்திரி நல்ல மழை. சுத்துப்பட்டுச் சருகு, சாணி, தெருச் சாக்கடை எல்லாம் அடிச்சுக்கிட்டு ஏரிக்குள்ள வந்துடுச்சு. அடுத்த ரெண்டு நாளும் மூட்டம், வெயிலே இல்லை. மூணாம் நாள் விடியக்காலையில கரையெல்லாம் வெள்ளை வெள்ளையா வயித்தைக் காட்டிக்கிட்டு கட்லாவும் ரோகுவும் மிதக்குது.

உடனே பேச்சு கிளம்பிடுச்சு: "மருந்து கலந்துட்டாங்க." யாரு? ஏலத்துல தோத்தவர்தான் என்று ஊரே முடிவு பண்ணிடுச்சு. அவர் எங்களுக்குச் சொந்தம் வேற. பஞ்சாயத்து நடந்தது, கைகலப்பு ஆச்சு, நாலு வருஷம் அந்த வீட்டோட பேச்சுவார்த்தை இல்லை. எங்க ஆயா மட்டும் ஒண்ணு சொல்லிச்சு: "மருந்துன்னா விராலு எப்படிடா உசுரோட ஓடுது?" யாரும் காதுல போட்டுக்கல.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைச்சது ரொம்ப வருஷம் கழிச்சு, பாக்டீரியாவைப் படிக்கும்போது. அந்தப் பதிலுக்கு இந்த அத்தியாயத்தின் கடைசியில் வருவோம்.

தெளிந்த தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை

வீராணத்தை எடுத்துக்குவோம். பராந்தக சோழன் காலத்துல, பத்தாம் நூற்றாண்டில் வெட்டின ஏரி. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்ற கரை என்று சொன்னால் போதும். கொள்ளிடத்துத் தண்ணி கீழணையில் இருந்து வடவாறு வழியா இங்க வருது. நீங்க அந்தத் தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளர்ல எடுத்து, மண் அடியில தங்குறவரைக்கும் வச்சிடுங்க. அப்புறம் மிக நுண்ணிய வடிதாளில் வடிகட்டுங்க. பாசி, மண், பூச்சி எல்லாம் போயிடும். இப்போ கண்ணுக்குத் தெளிவா இருக்கு. ஆனா அதுக்குள்ள இன்னும் கரைஞ்ச நிலையில் கரிமப் பொருள் இருக்கு.

அது எங்கிருந்து வருது? பாசி உயிரோட இருக்கும்போதே கொஞ்சம் சர்க்கரையைக் கசிய விடும். செத்தால் மொத்தமா விடும். கரையில இருக்கிற கருவேல இலை, வைக்கோல், ஆகாயத்தாமரை எல்லாம் தேயிலை மாதிரி தண்ணியில சாறு இறங்கும். மீன் கழிவு, மாட்டுச் சாணி, வீட்டுச் சாக்கடை. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால், பல ஏரிகளில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரிமம் கரைஞ்சு கிடக்கும்.

அதே தண்ணியில, வடிகட்டுவதற்கு முன்னாடி, ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். ஒரு டீஸ்பூன் தண்ணியில 50 லட்சம் பேர். இது அசுத்தமான தண்ணிக் கணக்கு இல்லை, சாதாரண ஏரிக் கணக்கு. பெரும்பாலானவை நமக்கு எந்த நோயும் தராதவை. இவங்களுக்குத்தான் அந்தக் கரைசல் சாப்பாடு.

வாய் இல்லாதவன் எப்படிச் சாப்பிடுவான்?

நமக்குச் சாப்பாடுன்னா உருண்டை பிடிச்சு வாயில போடணும். பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம், ரெண்டாயிரம் பங்கு போட்டால் அதுல ஒரு பங்குதான் அது. அதன் உடம்பைச் சுற்றி ஒரு சவ்வு, பலவற்றுக்கு ரெண்டு சவ்வு. கரைஞ்ச மூலக்கூறு ஒவ்வொன்றும் அந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே வரணும்.

ரெண்டு சவ்வு இருக்கிற பாக்டீரியாவில் வெளிச் சவ்வில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். போரின் என்ற புரதத்தால் ஆன துளைகள். சல்லடை மாதிரி. ஏறக்குறைய 600 டால்டன் எடைக்கு உட்பட்ட மூலக்கூறுதான் அதுல நுழையும். குளுக்கோஸ் 180, நுழையும். சர்க்கரை 342, நுழையும். அமினோ அமிலம் எதுவாக இருந்தாலும் நுழையும். ஆனா ஒரு முழுப் புரதமோ, மாவுப்பொருளோ வந்தால் வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

உள்ளே வந்ததும் அடுத்த வேலை. ரெண்டு சவ்வுக்கும் நடுவுல சில புரதங்கள் காத்துக்கிட்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கிறதுக்குன்னே அமைஞ்சது. பிடிச்சுக் கொண்டுபோய் உள்சவ்வில் இருக்கும் கதவில் ஒப்படைக்கும். அந்தக் கதவு ஏடிபி என்ற சக்தியைச் செலவு பண்ணி உள்ளே தள்ளும். அதாவது சாப்பிடறதுக்கே காசு கட்டணும். வெளியில சாப்பாடு குறைவாகவும் உள்ளே அதிகமாகவும் இருக்கும்போது அது தானா உள்ளே வராது இல்லையா? கிணத்துத் தண்ணியை மேல்தொட்டிக்கு ஏத்த மோட்டார் போடற மாதிரிதான்.

பெரிய மூலக்கூறை என்ன பண்றது? அங்கேதான் நொதிகள். சில பாக்டீரியாக்கள் நொதியை வெளியே விட்டு, பெருசைச் சின்னதா வெட்டி, பிறகு உள்ளே எடுக்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஊருக்குப் பொதுவா கல்யாணச் சாப்பாடு போட்ட மாதிரி, நீ வெட்டின துண்டு தண்ணியில மிதந்து பக்கத்துக்காரன் வாசலுக்குப் போயிடும். நொதிச் செலவு உன்னுது, சாப்பாடு அவனுது. அதனால பல பாக்டீரியாக்கள் நொதியை உடம்போடயே ஒட்டி வச்சிருக்கும்.

ஸ்வீடன் ஏரியில் ஒரு சோதனை

இதெல்லாம் ஆய்வகத்துல வளர்க்கிற பாக்டீரியாவில் தெரிஞ்சது. உண்மையான ஏரியில இப்படித்தான் நடக்குதா என்று பார்த்தவங்க ரிச்சர்ட் ரைட், ஜான் ஹாபி என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். ஸ்வீடனில் எர்க்கென் என்ற ஏரி. 1966இல் அந்த முடிவுகளை வெளியிட்டாங்க.

செஞ்சது எளிமையான வேலை. ஏரித் தண்ணியைக் குப்பிகளில் எடுத்து, கதிரியக்கக் கார்பன்–14 சேர்த்த குளுக்கோஸை ஒவ்வொரு குப்பியிலும் வெவ்வேறு அளவு விட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வடிகட்டி, எவ்வளவு கதிரியக்கம் உயிரணுக்குள்ள போயிருக்கு என்று அளந்தாங்க.

குளுக்கோஸ் மிகக் குறைவா இருக்கும்போது வேகமா உள்ளே போச்சு. அளவைக் கூட்டினால் ஒரு கட்டத்துக்கு மேல வேகம் ஏறவில்லை. ரேஷன் கடையில ஒரே ஒரு தராசு இருந்தா, வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஆயிடும் இல்லையா, அது மாதிரி. இது கதவு வச்சுச் சாப்பிடறவங்களோட குணம், அதாவது பாக்டீரியா. பாசி அப்படி இல்லை. தண்ணியில குளுக்கோஸ் நிறைய இருந்தால்தான் அதுக்குள்ள கசியும், கூட்டக் கூட்டக் கசிவும் கூடும். ஏரியில் இயல்பா இருக்கிற சொற்ப அளவில் பாசியால் பாக்டீரியாவோட போட்டி போட முடியாது.

எவ்வளவு சொற்பம்? ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். 10 லட்சம் லிட்டர் தண்ணியில் சில கிராம் குளுக்கோஸ். இதைக் கேட்டதும், "அப்போ ஏரியில குளுக்கோஸே இல்லைன்னு சொல்லுங்க" என்று தோணும். நான் முதல்ல படிச்சப்போ எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அது தப்பு.

வடைப் பெட்டி

டீக்கடையில கண்ணாடிப் பெட்டி பார்த்திருப்பீங்க. எப்போ போனாலும் உள்ளே ரெண்டு உளுந்து வடைதான் இருக்கும். அதுக்காக அந்தக் கடையில ஒரு நாளைக்கு ரெண்டு வடைதான் விக்குதுன்னு அர்த்தமா? போடப் போட ஆள் வாங்கிட்டுப் போறாங்க. பெட்டியில இருக்கிறது விக்கிற கணக்கு இல்லை. அதே பெட்டியின் மூலையில நாலு நாள் பழைய வரிக்கி ஒரு டஜன் இருக்கும். பெட்டியைப் பார்த்தால் இது வரிக்கிக் கடைன்னு நினைப்பீங்க.

ஏரியும் அப்படித்தான். குளுக்கோஸ், அமினோ அமிலம், அசிட்டேட் எல்லாம் வடை. வந்த சில மணி நேரத்துல, சில சமயம் அதுக்கும் முன்னாடியே, காலி. நாம தண்ணியை எடுத்து அளக்கும்போது கிடைக்கிற அந்தச் சில மில்லிகிராமில் பெரும்பங்கு வரிக்கி. பாக்டீரியா தொட்டுப் பார்த்து விட்டுட்டுப் போனது.

அந்த வரிக்கிக்கு ஹியூமிக் பொருள்கள் என்று பேரு. இலையும் மரமும் மக்கி வர்ற பழுப்பு நிறச் சாறு. பெரிய, சிக்கலான, ஒண்ணுக்கொண்ணு பொருந்தாத மூலக்கூறுகளின் கலவை. எந்தக் கதவுக்கும் சரியா உட்காராது.

நெய்வேலிப் பக்கத்து ஆளுக்கு இதைப் புதுசாச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம காலுக்குக் கீழே இருக்கிற பழுப்பு நிலக்கரியே அப்படிப்பட்ட மிச்சம்தான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த சதுப்புக் காட்டின் மரங்கள் தண்ணிக்குள்ள, பிராணவாயு இல்லாத இடத்துல விழுந்தது. நுண்ணுயிர்களால் தின்னு முடிக்க முடியல. முடிக்க முடியாமப் போனதைத்தான் 1960களில் இருந்து தோண்டி எடுத்து எரிச்சுக்கிட்டு இருக்கோம். அந்த நிலக்கரித் தூளைக் காரத்துல கரைச்சால் காபி டிக்காஷன் மாதிரி ஒரு சாறு இறங்கும். உரக்கடையில் பொட்டாசியம் ஹியூமேட் என்று விற்கிறாங்களே, அது இப்படி எடுத்ததுதான்.

வரிக்கியை யாருமே சாப்பிட மாட்டாங்களா? சாப்பிடுவாங்க, வெயில் உதவினால். மேல்தண்ணியில சூரியனின் புறஊதாக் கதிர் இந்தப் பெரிய மூலக்கூறுகளை வெட்டி, அசிட்டேட், பைருவேட் மாதிரி சின்னத் துண்டுகளாக்கும். பழுப்புத் தண்ணீர்க் குளங்களில் பாலிநியூக்ளியோபாக்டர் என்று ஒரு குடும்பம் இருக்கு. அது இப்படி வர்ற துண்டுகளை எடுத்துக்குது. ஆக, ஒரே தண்ணியில ஆளுக்கு ஒரு மெனு. பாசி கசிய விடும் சர்க்கரையின் மேல லிம்னோஹாபிடன்ஸ் என்ற கூட்டம் பாயும். செத்த பாசியின் பெரிய மூலக்கூறுகளை வெட்டுறதுல ஃபிளேவோபாக்டீரியா கெட்டி.

இதுல ரொம்ப வினோதமான ஆள் ஒருத்தர். ஆய்வாளர்கள் ஏசி–1 என்று அடையாளம் வச்சு அழைக்கும் கூட்டம். உலகத்தின் பல நன்னீர் ஏரிகளில் எண்ணிக்கையில முதலிடம் இதுக்குத்தான், சில ஏரிகளில் பாதிப் பேர் இவங்கதான். ஆனா ரொம்ப நாளா ஆய்வகத்துல தனியா வளர்க்கவே முடியல. காரணம், சிக்கனம். இவங்க மரபணுத் தொகுதி 12 முதல் 14 லட்சம் எழுத்து அளவுதான். நம்ம குடல்ல இருக்கிற ஈ. கோலைக்கு ஏறக்குறைய 46 லட்சம். தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும்கூடச் செய்யத் தெரியாது. அக்கம்பக்கத்துல கசியறதைப் பிடிச்சே வாழும். அதுக்கான கதவுகள் மட்டும் நிறைய வச்சிருக்கும். 2019இல் தென்கொரியாவில் இன்ஹா பல்கலைக்கழகக் குழு, சோயாங் ஏரியில் இருந்து எடுத்த இந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து வளர்க்க வழி கண்டுபிடிச்சது. வளர்ப்புக் கரைசலில் கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்தாங்க, அவ்வளவுதான். கரைசலில் இருந்த துளி ஹைட்ரஜன் பெராக்சைடைக்கூட இந்த ஆளால் தாங்க முடியல. ஏரியில அக்கம்பக்கத்து ஆட்கள் அதை நீக்கிக் கொடுக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்ன?

சாப்பிட்டதில் ஒரு பங்கு பாக்டீரியாவின் உடம்பாகுது. அந்த உடம்பை ஒற்றை அணு உயிரிகள் தின்னும், அதைத் தண்ணித் தெள்ளு தின்னும், அதை மீன்குஞ்சு தின்னும். கரைஞ்சு போன சாறு மறுபடி மீனாகத் திரும்பி வர்ற இந்தச் சுற்றுக்கு 1983இல் ஒரு பேர் வந்தது: நுண்ணுயிர் வளையம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் லாகூரில் பிறந்த ஃபரூக் அசாம். கடலைப் பத்தி எழுதினது, ஏரிக்கும் பொருந்தும்.

மீதிப் பங்கு எரியுது. எரியணும்னா பிராணவாயு வேணும். இப்போ ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி வெப்பத்துல ஒரு லிட்டர் தண்ணியில அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைஞ்சு நிக்கும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 5 கிராம், முழுசா எரிய ஐந்தரை கிராமுக்கு மேல பிராணவாயு வேணும். அப்படின்னா ஒரு டீஸ்பூன் சர்க்கரை 700 லிட்டர் தண்ணியின் மொத்தப் பிராணவாயுவையும் முடிச்சிடும். ஒரு டீஸ்பூன்!

கழிவுநீர் அறிக்கைகளில் பிஓடி என்று ஒரு எண் பார்த்திருப்பீங்க. அது இந்தக் கணக்குதான். தண்ணியை மூடின குப்பியில வச்சு, பாக்டீரியா எவ்வளவு பிராணவாயு எடுத்துச்சுன்னு பார்க்கிறது. உலகத்துல பல இடங்களில் 20 டிகிரியில 5 நாள் வைப்பாங்க. நம்ம நாட்டுச் சூட்டுக்கு 27 டிகிரியில 3 நாள்.

இப்போ எங்க ஏரிக்குத் திரும்புவோம். தண்ணி குறைவு. மழை அடிச்சுக் கொண்டாந்த சாணிச் சாறும் சாக்கடையும் முழுக்க முழுக்க வடை. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் பேர் பாய்ஞ்சு சாப்பிட்டிருப்பாங்க. சூடான தண்ணி, அதனால வேகம் அதிகம். மூட்டத்துல பாசி பகல்லயும் பிராணவாயு சரியா விடல, ராத்திரி அதுவும் சேர்ந்து மூச்சு வாங்கும். விடியறதுக்கு முன்னாடிதான் ஏரியில பிராணவாயு அடிமட்டத்துக்குப் போற நேரம். மீன் செத்ததும் அந்த நேரம்தான்.

ஆயா சொன்ன விரால்? விரால் மேலே வந்து நேரடியாக் காத்தை முழுங்கி மூச்சு விடும் மீன். தேளியும், பனையேறிக் கெண்டையும் அப்படியே. தண்ணியில பிராணவாயு இல்லைன்னா கட்லாவும் ரோகுவும் சாகும், இவை பிழைக்கும். மருந்து கலந்திருந்தா விராலை மட்டும் தனியா விட்டுவைக்குமா? அன்னைக்குத் தண்ணியை யாரும் எடுத்து வைக்கல, அதனால இன்னைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனா ஆயா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதைக் கேட்டிருந்தா அவர் வீட்டு வாசல்ல கல் விழுந்திருக்காது.

குழாய்க்குள்ளும் இதே கதை

இது மீன் விஷயத்தோட முடியல. வீராணத்துத் தண்ணியைச் சேத்தியாத்தோப்பில் இருந்து ஏற்றி, நெய்வேலிக்குப் பக்கத்து வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கு மேல குழாயில் சென்னைக்கு அனுப்புறாங்க. 2004இல் முடிஞ்ச திட்டம், ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டருக்குத் திட்டமிட்டது.

எந்த ஊராக இருந்தாலும், மணல் வடிகட்டியில் மண் போகும். கரைஞ்ச பொருள் முழுசாப் போகாது. மிச்சம் இருக்கிற பழுப்புப் பொருளோட குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் மாதிரியான பொருள்கள் உண்டாகும் என்று ராட்டர்டாமில் யோஹானஸ் ரூக் 1974இல் காட்டினார். எளிதில் தின்னக்கூடியது மிச்சம் இருந்தால், குழாய்ச் சுவர்ல வழுவழுன்னு பாக்டீரியாப் படலம் வளரும். நெதர்லாந்தில் டிக் வான் டெர் கூய் 1982இல் ஒரு முறை வெளியிட்டார்: தண்ணியில தெரிஞ்ச பாக்டீரியாவை விட்டு, எவ்வளவு வளருது என்று பார்த்தே அந்தத் தின்னக்கூடிய கரிமத்தை அளக்கிறது. குளோரின் இல்லாமலே தண்ணி நிலையா இருக்கணும்னா லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கணும் என்பது அவங்க அனுபவம். 18 கோடி லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அது 1.8 கிலோ. ஒரு நாள் தண்ணி முழுக்கச் சேர்த்து ரெண்டு கிலோ கூட இல்லை. அந்த அளவு சாப்பாட்டைத் தேடிப் பிடிக்கிற ஆட்கள் இவங்க.

எடுத்துக்க வேண்டியது

கடைசியா ரெண்டே விஷயம். ஒண்ணு, ஏரியில எவ்வளவு இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க, எவ்வளவு வந்து எவ்வளவு போகுதுன்னு கேளுங்க. அளவு குறைவா இருக்கேன்னு சாக்கடையைத் திறந்து விட்டால், கணக்கை பாக்டீரியா ராத்திரியில தீர்த்துடும்.

ரெண்டாவது, உங்க ஊர் ஏரியில மீன் செத்து மிதந்தால், யார் மேலயாவது பழி போடறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க. எந்த நேரத்துல செத்தது? மேலே வந்து வாயைப் பிளந்துச்சா? விரால், தேளி, தவளை உசுரோட இருக்கா? முந்தின ரெண்டு மூணு நாள் மழை, மூட்டம் இருந்ததா? கூடவே, உடனே ஒரு சுத்தமான பாட்டில்ல தண்ணி பிடிச்சு, குளிர்ச்சியா வச்சு, மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லுங்க. உண்மையிலேயே மருந்து கலந்திருந்தாலும் அதுதான் சாட்சி, கலக்கலைன்னாலும் அதுதான் சாட்சி.

எங்க சொந்தக்காரர் இப்போ இல்லை. ஆயாவும் இல்லை. ஏரி இருக்கு, விரால் இருக்கு.

உங்க ஊர் ஏரியில இப்படி நடந்திருந்தால் எழுதி அனுப்புங்க, அடுத்த அத்தியாயத்துல பேசுவோம்.